பேச்சுக்கு ஓர் இடம்: கும்பகோணத்தின் சந்திப்புகள்

கும்பகோணத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கோயில்களையும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தையும், காவிரிக் கரையின் மடங்களையும் முன்வைப்பது வழக்கம். அந்நகரில் வேலைக்குச் சென்று வந்தவர்கள், தங்கள் சக ஊழியர்களையும் சிநேகிதர்களையும் ஒரு நாளின் எந்தப் பொழுதில், எந்த இடத்தில் சந்தித்தார்கள், அந்த இடத்தில் யாருக்கு உட்கார இடம் இருந்தது, யார் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள் என்பது அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. தமிழ்ப் பதிப்பு முயற்சிகளின் ஒரு தொடக்கமும், தமிழ்ச் சிறுகதையின் ஒரு செழிப்பான கிளையும் இந்த ஊரில் மனிதர்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்று பேசியதிலிருந்து பிறந்தவை என்பதால், அப்பேச்சு நிகழ்ந்த இடங்களின் கதை ஊரின் அறிவு வரலாற்றுக்கே அடிப்படையானது.

காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடையே அமைந்த இந்நகரில் 1854இல் அரசுக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டுப் பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. 1866இல் நகராட்சி ஏற்பட்டது. 1877இல் ரயில் வந்தது. நீதிமன்றங்களும், அவற்றைச் சார்ந்த வக்கீல்களும் குமாஸ்தாக்களும், பாத்திரக் கடைகளும் பட்டு வணிகமும் சேர்ந்து, கோயில் நகரமாக இருந்ததை உத்தியோக நகரமாகவும் ஆக்கின. ஆயினும் ஊர் கால்நடையாகவே கடந்துவிடக்கூடிய அளவில்தான் இருந்தது. விடியற்காலையில் காவிரிப் படித்துறையில் கண்டவரைப் பத்து மணிக்குக் கச்சேரி வாசலிலும், மாலையில் சந்நிதித் தெருவிலும் மறுபடி காண நேர்வது அவ்வூரில் இயல்பு. கச்சேரி என்ற சொல் அக்காலத்தில் இசை நிகழ்ச்சியைக் குறித்ததோடு நீதிமன்றத்தையும் அரசு அலுவலகத்தையும் குறித்தது. பெருநகரத்தில் நண்பரைச் சந்திக்க ஒரு நாளை ஒதுக்க வேண்டியிருக்கும்போது, சிறு நகரத்தில் ஒரே நாளுக்குள் பல சந்திப்புகள் அடங்கின. காலையில் தொடங்கிய பேச்சை மாலையில் தொடர முடிந்தது. இந்த அளவுச் சிறுமைதான் கும்பகோணத்துக்குக் கிடைத்த பெரும் வசதி.

1880இல் அக்கல்லூரிக்குத் தமிழாசிரியராக உ. வே. சாமிநாதையர் வந்து சேர்ந்ததே ஒரு சக ஊழியரின் பெருந்தன்மையால் நிகழ்ந்தது. அப்பதவியில் இருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வு பெறும் வேளையில், தம்மைப் போலவே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட இளைஞர் அவ்விடத்துக்கு வர வேண்டும் என்று முயன்று பரிந்துரைத்தார். அந்த நன்றியை மறவாத சாமிநாதையர் பிற்காலத்தில் சென்னையில் தாம் வாழ்ந்த வீட்டுக்குத் தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டார்.

அதே ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதியாக, மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் அவரது வீட்டுக்குச் சென்று கண்டார். புதிதாக வந்த அதிகாரியை ஊரின் கற்றவர் ஒருவர் மரியாதைக்காகச் சென்று பார்ப்பது அன்றைய நடைமுறை. அந்தச் சந்திப்பும் அத்தகையதாகவே தொடங்கியது. ஆசிரியர் தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொல்ல, முதலியார் அவற்றில் ஈடுபாடு காட்டாமல், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். மடத்துக் கல்வியின் உச்சத்தைத் தொட்டிருந்த ஒருவருக்கு அந்த நூல் அறிமுகமாகவில்லை. அதன்பின் முதலியார் கொடுத்த பிரதியைக் கொண்டு இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கியதும், சமணக் கருத்துகள் விளங்காமல் சாமிநாதையர் அவ்வூரிலேயே வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்ததும், 1887இல் சிந்தாமணி அச்சேறியதும் நன்கு அறியப்பட்ட செய்திகள். அவற்றுள் போதிய கவனம் பெறாதது ஊரின் அமைப்பு. சைவ மடத்தில் பயின்ற ஸ்மார்த்த பிராமணரான ஆசிரியரும், முதலியார் வகுப்பைச் சேர்ந்த நீதிபதியும், சமணக் குடும்பங்களும் நடந்து போகும் தொலைவுக்குள் வாழ்ந்ததாலும், கல்லூரி நேரத்துக்குப் பிந்திய மாலை அனைவருக்கும் பொதுவாகக் கிடைத்ததாலும் அந்தப் படிப்பு சாத்தியமாயிற்று.

அக்காலச் சந்திப்புக்குரிய முதல் இடம் திண்ணை. தெருவைப் பார்த்து வீட்டு முகப்பில் உயர்த்திக் கட்டப்பட்ட இந்த மேடை வீட்டுக்கும் தெருவுக்கும் இடைப்பட்டது. வீட்டுக்குள் அழைக்க வேண்டிய அவசியமின்றி ஒருவரை உட்காரவைக்கவும், வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துப் பேசவும் அது போதுமானது. சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த கணிதமேதை சீனிவாச இராமானுசன் தம் வீட்டுத் திண்ணையில் சிலேட்டுப் பலகையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டதை அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் பணம் கொடுத்துத் தங்கி உண்ட கல்லூரி மாணவர்களிடமிருந்தே சிறுவனான அவர் உயர் கணிதத்தை முதலில் அறிந்து, அவர்கள் மூலம் லோனியின் திரிகோணமிதி நூலைப் பெற்றார் என்பதும், அந்த ஊரின் வீடுகள் வெளியூர் மாணவர்களுக்கு இடம் கொடுத்த வழக்கத்தின் எதிர்பாராத பயன். எனினும் திண்ணை எல்லோருக்கும் உரியதன்று. எந்தத் தெருவின் திண்ணையில் எந்தச் சாதியார் உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்குள் நுழையவே கூடாது என்பது எழுதப்படாமலேயே அனைவருக்கும் தெரிந்திருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதற்கு மாற்றாகச் சில பொது இடங்கள் எழுந்தன. கல்லூரியை வளர்த்த போர்ட்டர் பெயரால் ஒரு நகர மண்டபமும், அங்கே கற்பித்துப் பெரும்புகழ் பெற்ற கோபாலராவ் பெயரால் ஒரு நூலகமும் ஏற்பட்டன. ஆசிரியர்களின் நினைவாக ஒரு நகரம் தன் பொதுக் கட்டடங்களுக்குப் பெயரிட்டது அந்நகரின் பெருமைக்குரிய செயல். வக்கீல்களும் வணிகர்களும் ஒன்றுகூடித் திட்டமிடும் பழக்கம் வேறு வகையிலும் பயன் தந்தது. 1904இல் நிறுவப்பட்ட கும்பகோணம் வங்கி, பின்னாளில் சிட்டி யூனியன் வங்கி என்ற பெயரில் விரிவடைந்தது. ஆனால் மண்டபமும் நூலகமும் படித்தவர்களுக்கே உரியவையாக நின்றுவிட்டன. ஊரின் பேச்சைத் தெருவுக்குக் கொண்டுவந்தது காப்பி.

காப்பிச் செடி தென்னிந்திய மலைகளில் பெரும் தோட்டப் பயிராக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். சேலத்தை அடுத்த ஏற்காட்டில் அந்நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலேயே அது பயிரிடப்பட்டது. காலையில் பழையதும் நீராகாரமும் உண்டு வந்த குடும்பங்களில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த சில பத்தாண்டுகளுக்குள் காப்பி அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதை உடலுக்கும் குடும்பப் பொருளாதாரத்துக்கும் கேடு என்று கண்டித்தவர்கள் பலர் இருந்தும் பயனில்லை. வறுத்து அரைத்த கொட்டையோடு சிக்கரிக் கிழங்குப் பொடியைக் கலந்து, பித்தளைப் பில்டரில் வடித்த டிகாஷனில் தண்ணீர் சேராத பசும்பாலைக் காய்ச்சி ஊற்றுவது தஞ்சை மாவட்டத்தின் முறை. பாலின் அடர்த்தியைக் கருவியால் அளந்து அதன் டிகிரியைச் சொன்ன வழக்கத்திலிருந்து டிகிரி காப்பி என்ற பெயர் வந்ததாக ஒரு விளக்கமும், சிக்கரி என்ற சொல்லின் திரிபு அது என்று மற்றொரு விளக்கமும் வழங்குகின்றன. இவற்றுள் பாலைப் பற்றிய விளக்கமே பொருத்தமானது, ஏனெனில் கும்பகோணத்துக் காப்பிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாலின் தரம். அப்புகழோடு சேர்த்துச் சொல்லப்படுவது பஞ்சாபிகேச ஐயரின் லட்சுமி விலாஸ் காப்பி கிளப்.

கிளப் என்ற அச்சொல் கவனிக்கத்தக்கது. ஆங்கிலேய அதிகாரிகள் தங்களுக்குள் கூடிப் பேசவும் குடிக்கவும் வைத்திருந்த, இந்தியர்களைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ளாத சங்கங்களின் பெயரை, காசு கொடுத்தவருக்குக் காப்பியும் பலகாரமும் கொடுத்த உணவுக்கடைகள் எடுத்துக்கொண்டன. சந்தாவோ உறுப்பினர் பதிவேடோ அங்கே கிடையாது. கல்லாவில் முதலாளி, உள்ளே சரக்கு மாஸ்டர், மேசைகளுக்கிடையே சர்வர், சுவரில் சாமி படங்கள், சலவைக்கல் பதித்த மேசை, டவராவும் தம்ளரும் என்று அமைந்த அவ்விடத்தில், அலுவலகத்துக்குச் செல்லும் முன் ஒரு முறையும், பிற்பகல் டிபன் வேளையில் ஒரு முறையும், வழக்கு முடிந்தோ வகுப்பு முடிந்தோ ஒரு முறையும் ஒரே குழுவினர் கூடினார்கள். மேலதிகாரியும் குமாஸ்தாவும் அலுவலகத்தில் பேச முடியாததை அங்கே பேசினார்கள். மாற்றல், சம்பள உயர்வு, பெண்ணுக்கு வரன், பாகவதர் கச்சேரி, சுதேசமித்திரன் தலையங்கம் எல்லாம் ஒரே அமர்வில் அடங்கின. திண்ணைப் பேச்சில் விருந்தளிப்பவர், விருந்தினர் என்ற வேறுபாடு உண்டு. காப்பி கிளப்பில் அவரவர் காசை அவரவர் கொடுக்கவோ, முறை வைத்து ஒருவருக்கொருவர் கொடுக்கவோ முடிந்ததால், கடன்படாத நட்பு ஒன்றுக்கு அது வழி செய்தது.

எழுதப்பட்ட உறுப்பினர் பட்டியல் இல்லாத அந்த இடங்களில் எழுதப்படாத பட்டியல் ஒன்று கடுமையாக நடைமுறையில் இருந்தது. சமைப்பவர் பிராமணர் என்பதைப் பெயர்ப்பலகையே அறிவித்தது. அது தூய்மைக்கு உத்தரவாதம் என்று ஒரு சாராரும், மற்றவர்களைத் தாழ்த்துவது என்று மறு சாராரும் கொண்டார்கள். தமிழ் நகரங்களின் பல ஓட்டல்களில் பிராமணர் உண்ண உள்ளறையோ தடுப்புக்குப் பின்னால் தனி இடமோ இருந்தது. பிற சாதியார் முன்கட்டில் உண்டார்கள். தாழ்த்தப்பட்டோர் உள்ளே வரவே முடியாது. ஒரே கச்சேரியில், ஒரே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு குமாஸ்தாக்கள் பிற்பகல் மூன்று மணிக்குச் சேர்ந்து நடந்துபோய், ஓட்டல் வாசலைத் தாண்டியதும் இரு வேறு இடங்களில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, மறுபடியும் சேர்ந்து திரும்பி வருவது அன்றைய ஒழுங்கில் நிகழக்கூடியது. இந்தக் காட்சியின் கொடுமை அது அன்றாடமானதாக இருந்ததில் இருக்கிறது.

அதை உடைத்தது நீண்ட போராட்டம். சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமண மாணவருக்குத் தனிப் பந்தி வைத்ததைப் பற்றி 1920களின் நடுவில் எழுந்த சச்சரவு, சேர்ந்துண்ணலைத் தமிழக அரசியலின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய குடி அரசு ஏடு ஓட்டல்களின் பாகுபாட்டை ஓயாமல் எழுதியது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர், பிறர் என்று பிரித்து வைத்திருந்த ஏற்பாடு பெரியாரும் அவரது இயக்கத்தாரும் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1941இல் நீக்கப்பட்டது. ரயில்வே ஊழியர்களும் பயணிகளும் கலந்து நிற்கும் நிலையம், தெருவிலுள்ள ஓட்டலைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே பொது இடமாயிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகள், உணவகங்கள் ஆகியவற்றில் நுழைவதற்குச் சாதியின் பேரால் தடை கூடாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் உணவகத்தில் நுழைய விடாததையும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாததையும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. பாத்திரம் என்ற சொல்லையே சட்டம் இயற்றியவர்கள் சேர்க்க வேண்டியிருந்தது என்றால், தம்ளரில் எவ்வளவு தூரம் சாதி குடியிருந்தது என்பது விளங்கும். பெயர்ப்பலகையில் பிராமணாள் என்ற சொல்லை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் முன் 1957இல் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது.

இந்தப் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்த காலத்தில் கும்பகோணத்தில் சிநேகிதர்கள் கூடிய இடங்களுள் தமிழிலக்கியம் மறக்கக் கூடாதது ஒரு புத்தகக்கடை. 1902இல் அவ்வூரில் பிறந்த கு. ப. ராஜகோபாலன், வருவாய்த் துறையில் மேலூரில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது கண்புரையால் பார்வை குன்றி வேலையை விட்டவர். பார்வை மீண்ட பின் சென்னையில் எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்து, போர்க்காலத்தில் ஊர் திரும்பி, மறுமலர்ச்சி நிலையம் என்ற பெயரில் ஒரு புத்தகக்கடை நடத்தினார். அதே ஊரில் வக்கீலாக இருந்த ந. பிச்சமூர்த்தியும் அவரும் இளமை முதல் இணைபிரியாத நண்பர்களாக, இரட்டையர் என்றே சொல்லப்பட்டவர்கள். 1933இல் தொடங்கிய மணிக்கொடி ஏட்டின் வழியே வெளியூர் எழுத்தாளரோடு ஏற்பட்ட உறவு ஒருபுறம் இருக்க, கு. ப. ரா.வைத் தேடி அவ்வூர் இளைஞர்கள் வந்தார்கள். அரசுக் கல்லூரியில் படித்த தி. ஜானகிராமன், பட்டு ஜரிகை வணிகக் குடும்பத்திலிருந்து வந்து பதினாறு வயதிலேயே மணிக்கொடியில் எழுதிய சௌராஷ்டிரரான எம். வி. வெங்கட்ராம், வடமொழி பயின்ற ஆர். நாராயணசாமி ஆகியோர் அவர்களுள் அடங்குவர். கரிச்சான் என்பது கு. ப. ரா. சில வேளை பயன்படுத்திய புனைபெயர். அதனால் நாராயணசாமி தமக்குக் கரிச்சான் குஞ்சு என்று பெயர் வைத்துக்கொண்டார். ஓர் எழுத்தாளர் தம் பெயரிலேயே மூத்த நண்பரின் மேலுள்ள அன்பை வாழ்நாள் முழுவதும் சுமந்தது தமிழ் இலக்கியத்தில் அரிய நிகழ்வு. வியாபாரம் என்ற முறையில் அந்தக் கடை செழிக்கவில்லை. 1944இல் நாற்பத்திரண்டு வயதில் கு. ப. ரா. இறந்தார். ஆனால் அந்தக் கூட்டத்தின் பேச்சு நிற்கவில்லை. 1948இல் வெங்கட்ராம் தம் கைப்பொருளைச் செலவிட்டுத் தேனீ என்ற இதழை நடத்தியபோது கரிச்சான் குஞ்சு அதில் துணை நின்றார். சிறுகதையின் வடிவத்தையும் ஆண் பெண் உறவின் நுட்பத்தையும் பற்றி இவர்கள் பேசிய பேச்சு, கற்றோர் மன்றம் எதிலும் பதிவாகாமல், ஜானகிராமன், வெங்கட்ராம் ஆகியோரின் படைப்புகளுக்குள் புகுந்து தங்கியிருக்கிறது.

காப்பி கிளப்பும் புத்தகக்கடையும் எட்டாத மக்களுக்கு அமைந்த இடம் தேநீர்க்கடை. தேயிலை வணிகர்கள் 1903 முதல் சட்டப்படி வசூலிக்கப்பட்ட தீர்வையைக் கொண்டு இந்தியர்களைத் தேநீர் குடிக்கப் பழக்கும் விளம்பரத்தில் இறங்கினார்கள். சந்தைகளிலும் ரயில் நிலையங்களிலும் இலவசமாகத் தேநீர் ஊற்றிக் காட்டுவது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் எந்திர முறை 1930களுக்குப் பின் பரவியபோது, குறைந்த தூளில் நிறைய கோப்பைக்குக் கடுமையான சாறு இறங்கிற்று. காப்பிக்கு நல்ல பால் வேண்டும், வறுத்த புதுக்கொட்டை வேண்டும். டீக்கு ஒரு பாய்லர், துணி வடிகட்டி, டஸ்ட் எனப்படும் தூள், சர்க்கரை, பெஞ்சு ஆகியவை போதும். மலையாளிகள் நடத்திய கடைகள் பலவாக இருந்ததால் நாயர் கடை என்பது தமிழ்நாட்டின் பல ஊர்களில் தேநீர்க்கடைக்கே பொதுப்பெயராயிற்று. முஸ்லிம்களும் இத்தொழிலில் முன்னின்றார்கள். மாட்டுவண்டிக்காரர், சுமை தூக்குவோர், திருபுவனத்தின் பட்டு நெசவாளர், சுவாமிமலையின் சிற்பப் பட்டறைகளிலும் நாச்சியார்கோயிலின் விளக்குப் பட்டறைகளிலும் உழைத்தவர் ஆகியோருக்கு வேலையின் இடைவெளியில் உடன் உழைப்பவரோடு உட்கார்ந்து பேச இதைவிட மலிவான இடம் கிடையாது.

அங்கே செய்தித்தாளும் வந்து சேர்ந்தது. 1934இல் தினமணியும், 1942இல் மதுரையிலிருந்து தினத்தந்தியும் வெளிவந்தன. பின்னதன் எளிய மொழி, எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கியது. ஒரு பிரதியின் தாள்கள் பிரிந்து பெஞ்சு பெஞ்சாகச் செல்ல, படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, தெரியாதவர் கேட்டு விவாதித்தார். தேநீர்க்கடையோடு முடிதிருத்தும் கடையும், இயக்கத்தாரின் படிப்பகமும், அதாவது கட்சித் தொண்டர்கள் இதழ்கள் வாங்கிப் போட்டு நடத்திய சிறு வாசிப்பறையும் சேர்ந்து, திராவிட இயக்கத்துக்கும் பொதுவுடைமை இயக்கத்துக்கும் தெருமுனைப் பள்ளிகளாயின. திருவாரூரில் 1942இல் துண்டறிக்கையாகத் தொடங்கிய முரசொலி போன்றவை கைமாறிப் பரவியது இத்தகைய இடங்களின் வழியே.

ஆயினும் தேநீர்க்கடையும் குற்றமற்றதாக இருக்கவில்லை. நகரத்தின் கடைத்தெருவில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார் என்பதைக் கவனிக்க முடியாத நெரிசல் சாதியைச் சற்றுத் தளர்த்தியது. சில மைல் தள்ளிச் சென்றால், ஒவ்வொருவரின் தெருவையும் தகப்பனையும் அறிந்த கடைக்காரர், சேரியிலிருந்து வந்தவருக்குக் கொட்டாங்கச்சியிலோ தனியே மாட்டி வைத்த தம்ளரிலோ ஊற்றினார். இரட்டைக் குவளை முறை என்று அறியப்படும் இந்த வழக்கத்தில், தனித் தம்ளரைக் குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் தலைமையில் தஞ்சை மாவட்ட விவசாயத் தொழிலாளர்கள் திரண்டபோது, பண்ணைகளில் தண்டனையாகக் கொடுக்கப்பட்ட சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்ததோடு மனிதராக நடத்தப்படும் உரிமையையும் கேட்டார்கள். தேநீர்க்கடைப் பெஞ்சு அந்த உரிமையின் கண்ணுக்குத் தெரியும் அளவுகோல்.

இவ்வளவு இடங்களிலும் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. அவர்களுடைய சந்திப்பு காவிரிப் படித்துறையிலும், கிணற்றடியிலும், கோயில் பிராகாரத்திலும், நவராத்திரியின் ஒன்பது மாலைகளில் வீடு வீடாகக் கொலு பார்க்கச் செல்வதிலும் நடந்தது. படித்துறைப் பேச்சை வம்பு என்று ஒதுக்கியவர்கள், திருமணங்களை முடிவு செய்ததும், மருத்துவ அறிவையும் பாட்டையும் தலைமுறை கடத்தியதும் அந்தப் பேச்சே என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. ஓட்டல்களில் திரையிட்டோ பலகையால் தடுத்தோ அமைத்த ஃபேமிலி ரூம் என்னும் தனியறை, கணவனோடும் குழந்தைகளோடும் வந்த பெண்ணுக்கு மட்டும் பயன்பட்டது. ஆசிரியைகளும் வங்கி, தபால், தொலைபேசித் துறைகளின் பெண் ஊழியர்களும் பெருகிய பிறகே, அலுவலக இடைவேளையில் இரண்டு தோழிகள் ஆண் துணையின்றி உள்ளே வந்து, முன்கட்டு மேசையில் உட்கார்ந்து காப்பி சொல்வது அந்நகரில் இயல்பான காட்சியாயிற்று.

பித்தளை டவரா எவர்சில்வருக்கு இடம் கொடுத்து, கண்ணாடித் தம்ளரும் பல கடைகளில் மறைந்து, இப்போது காகிதக் கோப்பை வந்திருக்கிறது. கும்பகோணம் பேருந்து நிலையத்தருகே வக்கீல் குமாஸ்தாவுக்கும், பட்டுக்கடைப் பணியாளருக்கும், வயல் வேலை முடித்துப் பேருந்துக்கு நிற்பவருக்கும் அதே கோப்பைதான் தரப்படுகிறது. தமிழகத்தின் சில சிற்றூர்களிலோ, மற்றவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரைக் கொடுத்துவிட்டுத் தலித்துகளுக்கு மட்டும் குடித்தபின் எறிந்துவிடும் கோப்பையை நீட்டுவதாகத் தீண்டாமைக்கு எதிரான இயக்கங்கள் புகார் செய்து வந்திருக்கின்றன.